ஒட்டி வருகிற வண்டியை முன்னால் அனுப்பும் வழி

"மாமா, பின்னால் வருகிற காரில் ஒரு பாசிமாலை தொங்குகிறது. பச்சைப் பாசி."

என் வேனின் கடைசி வரிசையில் உட்காரும் ஆறாம் வகுப்புப் பிள்ளை சொன்னது இது. கார்த்திகை மாதம், மழை விட்டுச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ரெகுநாதபுரம் தாண்டி பெரியபட்டினம் போகிற சாலை. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு வெள்ளைக் கூரைதான் தெரிந்தது. ஹெட்லைட் தெரியவில்லை, நம்பர் பலகையும் தெரியவில்லை. என் வேனின் வேகம் 40. ஈரத் தாரில், அந்தப் பிள்ளையின் முதுகுக்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஒரு கார் அதே 40-இல் வந்துகொண்டிருந்தது.

பதினொரு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். அதற்கு முன்பு ஒன்பது வருடம் மீன் வண்டி. எங்கள் பக்கம், அதாவது சேதுக்கரை, பெரியபட்டினம், களிமண்குண்டு, முத்துப்பேட்டை, புதுமடம் என்று கடலை ஒட்டிக் கிடக்கிற ஊர்களின் சாலைகளில் நான் அதிகம் படுகிற தொல்லை குழியும் இல்லை, ஆடும் மாடும் இல்லை. பின்னால் ஒட்டி வருகிற வண்டிதான். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய வேன் என்பதால் 40-க்கு மேல் என்னால் போக முடியாது. ஆகவே நாள் ஒன்றுக்கு நான்கைந்து பேராவது என் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களை எப்படிச் சமாளிப்பது என்று கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். கார், வேன், டிவிஎஸ் எக்ஸ்எல், ஸ்கூட்டர் எதை ஓட்டினாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் சாலையைப் புரிந்துகொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒட்டி வருகிறவன் எரிச்சல் மூட்டுவான்; சற்று நேரத்தில் இடம் கிடைத்து முந்திப் போய்விடுவான். கிளைச் சாலையில் அப்படி இல்லை. ஒரு வழித்தடச் சாலையின் தார் அகலம் 3.75 மீட்டர். என் வேனின் அகலம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். எதிரே ஒரு வண்டி வந்தால் இருவருமே ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கியாக வேண்டும். அந்த மண்ணோ வயல் மண் இல்லை, கடல் மணல். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் மணல் தார் மேலேயே வந்து படிந்துகிடக்கும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேல மரம் கிளையை நீட்டிக்கொண்டு நிற்கும். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்பது வளைந்த பிறகுதான் தெரியும். தென்னந்தோப்பு வேலிக்குள்ளிருந்து மயில் ஒன்று திடீரென்று தாழப் பறந்து குறுக்கே போகும். இப்படிப்பட்ட சாலையில் முன்னால் போகிறவன் எந்த நிமிடத்திலும் பிரேக் பிடிக்கத்தான் வேண்டியிருக்கும். பின்னால் வருகிறவன் அதை நினைப்பதில்லை.

எவ்வளவு நெருக்கம் ஆபத்து என்பதற்கு நான் வைத்திருக்கிற கணக்கு எளிது. பின்னால் வருகிற வண்டியின் இரண்டு ஹெட்லைட்டும் நடுக் கண்ணாடியில் முழுதாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அவன் ஒட்டிவிட்டான். என் வேன் போல உயரமான வண்டி என்றால் பக்கக் கண்ணாடிகளையும் பாருங்கள். நடுக் கண்ணாடியில் கூரை மட்டும் தெரிந்து, பக்கக் கண்ணாடி இரண்டிலும் ஒன்றுமே தெரியாவிட்டால் அவன் உங்கள் முதுகுக்கு நேர் பின்னால் மறைந்து வருகிறான் என்று பொருள்.

முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் உள்ள இடைவெளிக்கு இன்னொரு கணக்கு. முன்வண்டி ஒரு பனைமரத்தைத் தாண்டுகிற நேரத்தில் "ராமநாதபுரம்" என்று நிதானமாகச் சொல்லத் தொடங்குங்கள். ஒருமுறை சொல்ல ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். மூன்று முறை சொல்லி முடித்த பிறகு நீங்கள் அதே பனையைத் தாண்டினால் இடைவெளி சரி. இரண்டாவது ராமநாதபுரத்திலேயே பனை வந்துவிட்டால் நீங்களும் ஒட்டிப் போகிறீர்கள். மழையில் ஆறு முறை. வேனில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சில காலைகளில் எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள், முன்னிருக்கையில் உட்காருகிற ஆயா அம்மாவும் சேர்ந்துகொள்வார்.

ஏன் மூன்று நொடி? 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 11 மீட்டர் போகிறது. 60-இல் 17 மீட்டர். முன்னால் பிரேக் விளக்கு எரிவதைக் கண் பார்த்து, மூளைக்குப் போய், கால் இறங்குவதற்கே ஒன்றரை நொடி ஆகிவிடும். 40-இல் அதற்குள் ஏறக்குறைய 17 மீட்டர் போயாயிற்று. பின்னால் மூன்று மீட்டரில் வருகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், நான் சட்டென்று நின்றால் அவன் கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே என் வேனைத் தொட்டிருப்பான்.

ஆக, நான் சட்டென்று நிற்கக் கூடாது. இந்த விஷயத்தின் ஆணிவேர் இதுதான். அவன் வண்டியை நான் ஓட்ட முடியாது. ஆனால் அவனுக்கு நேரம் கொடுக்க முடியும். நான் 11 மீட்டரில் நின்றால் அவன் மோதுவான். நான் 50 மீட்டருக்கு மெல்ல மெல்லக் குறைத்து நின்றால் அவனும் நிற்பான். நான் அப்படி நிற்க வேண்டுமென்றால் எனக்கு முன்னால் அந்த 50 மீட்டர் இருக்க வேண்டும். எனவே பின்னால் ஒருவன் ஒட்டினால் நான் செய்கிற முதல் காரியம் முன்பக்கத்தில்தான். ஆக்சிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுக்கிறேன். முன்வண்டிக்கும் எனக்கும் இடையே ஆறு ராமநாதபுரம் வருகிறவரை இடைவெளியை வளரவிடுகிறேன். மூன்று எனக்கு, மூன்று அவனுக்கு. அவன் வைக்க வேண்டிய இடைவெளியை அவனுக்காக நான் முன்னால் வைக்கிறேன். முன்னால் வண்டியே இல்லை என்றால், வளைவுக்கு முன்னும் ஊருணிக் கரை திருப்பத்துக்கு முன்னும் வழக்கத்தைவிட முன்னதாகவே வேகத்தைக் குறைக்கத் தொடங்குகிறேன்.

குறைக்கும்போது பிரேக் விளக்கு அவனுக்குத் தெரிய வேண்டும். பிரேக் மிதியில் இரண்டு மிதி உண்டு. ஒன்று விளக்கை எரியவைக்கிற மிதி, இன்னொன்று வண்டியை நிறுத்துகிற மிதி. செருப்பின் நுனியால் மெல்லத் தொட்டாலே விளக்கு எரிந்துவிடும், வண்டி குறையாது. நிற்கப் போகிறேன் என்றால் நன்றாக முன்னதாகவே அப்படி இரண்டு முறை தொட்டு விளக்கைக் காட்டிவிட்டு, பிறகுதான் உண்மையான பிரேக். உங்கள் வண்டியில் அந்த முதல் மிதி எவ்வளவு ஆழம் என்பதை வீட்டு வாசலில் நிறுத்தி, பின்னால் ஒருவரை நிற்கவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒட்டி வருகிறவனுக்குப் பாடம் கற்பிக்கிறேன் என்று திடீரென்று பிரேக் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். காரணமில்லாமல் சட்டென்று பிரேக் பிடிப்பது 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளின்படியே தவறு. சட்டத்தை விடுங்கள், உங்கள் பின்சீட்டில் இருப்பது உங்கள் அம்மா, உங்கள் பிள்ளை. அடி முதலில் அவர்களுக்குத்தான். அதே போல, அவன் அவசரப்படுத்துகிறான் என்று வேகத்தைக் கூட்டுவதும் வேண்டாம். 40-இல் ஒட்டி வருகிறவன் நீங்கள் 60 போனால் 60-இலும் ஒட்டியே வருவான். நெருக்கம் மாறாது, அடியின் பலம் மட்டும் கூடும். வேகம் ஒன்றரை மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு நிற்கத் தேவையான தூரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது.

இனி அவனை முன்னால் அனுப்புகிற வேலை. இடைவெளி வைப்பதெல்லாம் இடைக்கால ஏற்பாடு. அவன் முன்னால் போய்விட்டால்தான் நிம்மதி.

சைடு கொடுப்பதற்கு இடம் தேர்ந்தெடுப்பதே ஒரு கலை. என் வழித்தடத்தில் இருக்கிற இடங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம்: பஸ் நிறுத்தத்தின் முன்னால் தார் அகலமாக இருக்கிற இடம், ஊராட்சி அலுவலக வாசல், பெட்ரோல் பங்க், பள்ளிவாசலுக்கு முன்னால் சிமெண்ட் போட்ட தரை, கோயில் வளைவுக்குப் பக்கத்து மேடை, தேங்காய் லோடு ஏற்றுகிற தோப்பின் கெட்டியான நுழைவாயில். நீங்கள் தினம் போகிற சாலையில் இப்படி எத்தனை இடம் இருக்கிறது என்று ஒருநாள் எண்ணிவையுங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாவது கிடைக்கும். புது ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு அடையாளம்: டீக்கடை இருக்கிற இடத்தில் கெட்டித் தரையும் இருக்கும், ஏனென்றால் அங்கே தினம் வண்டி நிற்கிறது.

அந்த இடத்துக்கு நூறு மீட்டர் முன்னாலேயே இடது இண்டிகேட்டர். மெல்லக் குறைத்து, முழு வண்டியும் தாரைவிட்டு விலகி நில்லுங்கள். பாதி தாரில், பாதி மண்ணில் நிற்பது மோசம். முந்துகிறவன் உங்களைச் சுற்றி வலப்பக்கம் போய் எதிரே வருகிறவனைச் சந்திப்பான். அவன் போனதும் உடனே கிளம்பிவிடாமல் கண்ணாடியில் பாருங்கள். ஒருவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கிளம்பினால் ஒரு நிமிடம் போகும், அவ்வளவுதான்.

எங்கே ஒதுங்கக் கூடாது என்பது இதைவிட முக்கியம். வளைவில் வேண்டாம், சிறுபாலத்தில் வேண்டாம், கண்மாய்க் கரையில் வேண்டாம். வெறும் மணல் ஓரத்தில் வேகத்தோடு இறங்கவே இறங்காதீர்கள். எங்கள் சாலைகளில் மேலே மேலே தார் போட்டுப் போட்டு, தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் பள்ளம் பல இடங்களில் இருக்கிறது. இடது சக்கரம் அதில் விழுந்ததும் பயந்துபோய் ஸ்டீயரிங்கை வலது பக்கம் வெட்டுவார்கள். சக்கரம் விளிம்பில் உரசிக்கொண்டே வந்து, ஏறுகிற நொடியில் வண்டி எதிர்ப்பக்கத்துக்குப் பாயும். சக்கரம் இறங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை அழுத்தாமல் ஆக்சிலேட்டரை விட்டு, வண்டி நடை வேகத்துக்கு வந்த பிறகு ஏற்றுங்கள். உதிர்ந்து கிடக்கிற கருவேல முள் இன்னொரு தொல்லை. ஓரம் கட்டியதற்குப் பரிசாகப் பஞ்சர் கிடைக்கும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு இரவு. மீன் வண்டி ஓட்டிய காலம், மாசி மாதப் பனி. பாம்பனில் லோடு ஏற்றி மதுரைக்குப் போகிறோம். விடிவதற்குள் மார்க்கெட்டில் இறக்க வேண்டும், தாமதமானால் விலை போய்விடும், பெட்டிக்குள் ஐஸ் கரைகிற சத்தம் காதில் கேட்பதுபோலவே இருக்கும். உச்சிப்புளிக்கு இந்தப் பக்கம் ஒரு வேன் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதை ஒட்டிக்கொண்டு ஹெட்லைட்டை ஏற்றி இறக்கி, ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தேன். அவர் முன்னால் ஒரு பசு குறுக்கே வந்திருக்கிறது. எனக்கு அது தெரியவில்லை. அவர் வண்டியின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. சிவப்பு விளக்கு எரிந்ததும் இடது பக்கம் வெட்டினேன். மணலில் இரண்டு சக்கரம் இறங்கியது. பின்னால் இருந்த ஐஸும் மீனும் ஒரு பக்கமாகச் சரிந்து வண்டியைக் கூடவே இழுத்துக்கொண்டு போய்ச் சாய்த்தது. பெட்டிகள் உடைந்து, நகரையும் காரலும் தார் முழுக்கச் சிதறிக்கிடந்தன. ஐஸ் துண்டுகள் அந்த வேனின் வெளிச்சத்தில் மின்னின. கிளீனர் பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பதினெட்டு வயது. நான் ஒட்டிப் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பையன் அந்தத் தைப் பொங்கலுக்கு வாங்கிய சட்டையை மருத்துவமனையில் கத்தரித்து எடுத்திருக்க மாட்டார்கள்.

நான் துரத்திய அந்த வேன்காரர்தான் இறங்கி ஓடிவந்து கதவைத் திறந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "தம்பி, எங்கேயும் அடிபட்டிருக்கிறதா பார்" என்றுதான் கேட்டார். இன்றும் யாராவது என் பின்னால் ஹார்ன் அடித்தால் அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

அவசரத்தின் கணக்கையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். 20 கிலோமீட்டர் கிளைச் சாலையை 40-இல் போனால் 30 நிமிடம். விரட்டி 50-இல் போனால் 24 நிமிடம். மொத்த லாபம் ஆறு நிமிடம். அதுவும் வழியில் ஒரு ஆட்டு மந்தை வந்தால் போய்விடும்.

ஒட்டி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. பின்னால் டவுன் பஸ் வந்தால் நான் உடனே வழி விடுகிறேன். அந்த ஓட்டுநருக்கு நேரக் கெடுபிடி, நிறுத்தத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். மீன் வண்டிக்கும் அப்படியே. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குச் சேதுக்கரைக்கும் தேவிபட்டினத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் வருகிற வேன்கள் வேறு விதம். இரவெல்லாம் ஓட்டி வந்திருப்பார்கள், கண்ணில் தூக்கம் நிற்கும். ஏர்வாடி சந்தனக்கூடு சமயத்திலும், கார்த்திகை, மார்கழியில் ஐயப்பப் பக்தர்கள் ராமேஸ்வரம் வரும்போதும் இதே நிலைமைதான். தூங்கி வழிகிறவன் ஒட்டி வருவது கோபத்தினால் இல்லை, முன்வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறான். அவன் ஹார்ன் அடிக்க மாட்டான், விளக்கைக் காட்ட மாட்டான், ஆனால் உங்களை விடவும் மாட்டான். நீங்கள் குறைத்தால் அவனும் குறைப்பான். இவன்தான் எல்லோரிலும் ஆபத்து. முதலில் கிடைக்கிற டீக்கடையில் ஒதுங்கிவிடுங்கள். பல நேரம் அவனும் பின்னாலேயே வந்து நின்று ஒரு டீ குடிப்பான்.

பாம்பன் சாலைப் பாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1988-இல் திறந்த அந்தப் பாலம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் நீளம். ஒதுங்குவதற்கு ஒரு அடி இடம் கிடையாது. முன்னால் போகிறவர் ரயில் பாலத்தைப் பார்த்ததும் தன்னை மறந்து குறைப்பார், சிலர் நிறுத்தியே விடுவார்கள். பின்னால் வருகிறவரும் கடலைப் பார்த்துக்கொண்டு வருவார். ஆகவே ஒட்டி வருகிறவனைப் பாலம் ஏறுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். ஏறிய பிறகு முன்னால் ஆறு ராமநாதபுரம் விட்டுவிட்டு, 30-இல் நிதானமாகக் கடந்துவிடுங்கள். 2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் திறந்த தனுஷ்கோடிச் சாலையிலும் இப்படித்தான். நேராகக் கிடக்கிற சாலை என்று விரட்டுவார்கள்; காற்று தார் மேல் கொண்டுவந்து போட்டிருக்கிற மணல், பிரேக் பிடித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

முந்தச் சொல்லி நீங்கள் சைகை காட்டாதீர்கள். இதில் எங்கள் பக்கத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. "எதிரே வண்டி இல்லை, முந்து" என்பதற்குச் சில ஓட்டுநர்கள் இடது இண்டிகேட்டர் போடுகிறார்கள், சிலர் வலது போடுகிறார்கள், சிலர் வலது கையை நீட்டி ஆட்டுகிறார்கள். பின்னால் வருகிறவன் உங்கள் சைகையை எப்படிப் படிப்பான் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் உண்மையிலேயே வலப்பக்கம் திரும்பும்போது, "முந்தச் சொல்கிறார்" என்று அவன் வலப்பக்கத்தில் ஏறி வந்தால்? இண்டிகேட்டர் நான் போகிற திசைக்கு மட்டும்தான். அவனுக்காக நான் செய்வது இவ்வளவே: நேரான, பார்வை தெரிகிற இடத்தில் இடது பக்கம் ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, அவனே தன் கண்ணால் பார்த்து முடிவெடுக்க வழி விடுவது. அவன் முந்தத் தொடங்கிவிட்டால் வேகத்தைக் கூட்டாதீர்கள். எதிரே வண்டி வந்தால் இன்னும் குறைத்து அவன் உள்ளே நுழைய இடம் கொடுங்கள்.

இரவில் இன்னொரு சங்கடம், ஹை பீம். பின்னால் ஒட்டி வருகிறவன் விளக்கை ஏற்றிவிட்டால் மூன்று கண்ணாடியிலும் சூரியன் உதித்ததுபோல இருக்கும். நடுக் கண்ணாடியின் அடியில் ஒரு சிறு நெம்பு இருக்கும், அதை உங்கள் பக்கம் இழுத்தால் வெளிச்சம் மங்கிவிடும். பல பேருக்கு அது எதற்கென்றே தெரிவதில்லை. கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுத்து, சாலையின் இடது விளிம்பில் வையுங்கள். வெள்ளைக் கோடு இருந்தால் கோடு, இல்லாவிட்டால் வரிசையாக வருகிற பனையின் அடிமரம்.

அதோடு, உங்கள் பின்விளக்கு எரிகிறதா? கடற்கரையில் வண்டி வைத்திருக்கிற எல்லோரிடமும் இதைக் கேட்கிறேன். உப்புக் காற்று பல்பு பொருத்துகிற பித்தளைக் குழியைப் பச்சையாக அரித்துவிடுகிறது. பல்பு நல்ல பல்பாகவே இருக்கும், ஆனால் எரியாது. எங்கள் பக்கத்தில் ஒரு மழைக்காலத்துக்குள் இரண்டு முறையாவது இது நடக்கிறது. தினம் காலையில் வேனைச் சுவரை நோக்கிப் பின்பக்கம் வைத்து நிறுத்துகிறேன்; பிரேக்கை மிதித்துத் திரும்பிப் பார்த்தால் சுவரில் இரண்டு சிவப்பு வட்டம் விழ வேண்டும். ஒன்றுதான் விழுந்தால் பல்பைக் கழற்றி, உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு, ஒரு சொட்டு எண்ணெய், வேலை முடிந்தது. விளக்கின் கண்ணாடி மேல் படிந்த உப்பையும் புழுதியையும் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். சிவப்பு ஒளிர்பட்டை உரிந்திருந்தால் புதிது ஒட்டுகிறேன். டிராக்டர் டிரெய்லர் வைத்திருக்கிறவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், பின்னால் ஒரு முழத்துக்காவது அந்தப் பட்டையை ஒட்டிவையுங்கள்.

இரு சக்கர வண்டிக்காரர்களுக்கு. விடியற்காலையில் எக்ஸ்எல்லில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களைத் தினம் பார்க்கிறேன். பின்னால் கார் ஒட்டியதும் தாரின் கடைசி விளிம்புக்குப் போய்விடுகிறார்கள். அங்கே ஓட்டினால் அவன் உரசிக்கொண்டு முந்துவான், உங்களுக்கு இறங்கவும் இடமில்லை, ஏறவும் இடமில்லை. விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, கார்களின் இடது சக்கரம் போகிற தடத்தில் ஓட்டுங்கள். கெட்டித் தரை வந்ததும் கையைக் காட்டி, வேகத்தைக் குறைத்து, முழுதாக ஒதுங்கி நின்று அனுப்புங்கள். மணலில் ஓடிக்கொண்டே இறங்கினால் முன்சக்கரம் மடங்கிவிடும். கண்ணாடி இல்லாத வண்டிக்கு இன்றே கண்ணாடி மாட்டுங்கள். மீன் பெட்டியைத் தாண்டித் தெரிகிற அளவுக்கு நீளமான தண்டாகக் கேட்டு வாங்குங்கள்.

அபூர்வமாகச் சிலர் வம்புக்கென்றே வருவார்கள். ஒதுங்கினால் தானும் ஒதுங்குவான், மறுபடி பின்னால் வருவான். அப்போது ஆளில்லாத இடத்தில் நிற்காதீர்கள், கண்ணாடியை இறக்காதீர்கள், வீட்டுக்கும் போகாதீர்கள். ஆள் நடமாட்டமுள்ள கடைத்தெருவுக்கோ காவல் நிலையத்துக்கோ நேராகப் போங்கள். கூட இருப்பவரை 100 அல்லது 112-ஐ அழைக்கச் சொல்லுங்கள். நம்பரையும் அவரே குறித்துக்கொள்ளட்டும். அபாயகரமாக ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவில் முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ சிறைத் தண்டனையோ இரண்டும் சேர்ந்தோ உண்டு.

எல்லாம் செய்தும் மோதிவிட்டால் 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்குத் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையில் வரையறுத்த செலவை அரசே ஏற்கிறது. பணத்துக்கு யாரிடம் கேட்பது என்று யோசித்து நேரத்தைக் கடத்தாதீர்கள். பின்னாலிருந்து விழுகிற அடியில் கழுத்துதான் முதலில் பாதிக்கப்படும். இருக்கையின் தலைத்தாங்கி பிடரியில் இல்லாமல் காதின் மட்டத்துக்கு மேலே வரும்படி உயர்த்திவையுங்கள். என் வேனின் கடைசி வரிசையில் இப்போது பெரிய பிள்ளைகளைத்தான் உட்காரவைக்கிறேன், சிறியவர்கள் நடுவில்.

கடைசியாக ரயில்வே கேட். நின்ற வண்டியின் மேல் வந்து மோதுவது ஓடுகிற வண்டியின் மேல் மோதுவதைவிடக் கொடுமை. வரிசையில் நிற்கும்போது முன்வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடுகிற இடம் எனக்குத் தெரிகிற அளவுக்கு இடம் விட்டு நிற்கிறேன்; பின்னால் எவனாவது நிற்காமல் வந்தால் முன்னே நகர்ந்துகொள்ள அந்த இடம் வேண்டும். காலைப் பிரேக்கிலேயே வைத்திருக்கிறேன், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும் என்று. கண் கண்ணாடியில் இருக்கும். எனக்குப் பின்னால் ஒரு வண்டி வந்து நின்று, அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்து நின்ற பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுப்பேன்.